மேலே தனியாக ஒரு புள்ளி

நவம்பர் 12

சென்னை விமான நிலையத்தில் என் மாசிக் கருவாட்டு ஊறுகாயைப் பறித்துக்கொண்டார்கள். கைப்பையில் திரவம் கூடாதாம். ஊறுகாய் திரவமா என்று கேட்டேன். சீருடைப் பையன் அதைக் கூடைக்குள் வைத்தான். எறியவில்லை, வைத்தான். சாயங்காலம் அது யார் வீட்டுச் சோற்றுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான்கு விமானங்கள். கடைசி விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மூட்டை வெங்காயத்துக்குப் பெல்ட் போட்டிருந்தார்கள். இறங்கிய ஊர் பைன் நாரோஸ். கனடாவின் வடக்கே ஓர் ஏரிக்கரை. ஏரி எங்கே என்று கேட்டேன். எதிரே கிடந்த வெள்ளை மைதானத்தைக் காட்டினாள் பெனிட்டா.

என் மகள் ஐந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறாள். போன மாதம் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். என்னை வாருங்கள் என்று அவள் கூப்பிடவில்லை. ஒற்றைக் கையால் சமாளித்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். எழுபத்து நான்கு வயதில் எனக்கு அந்த அழைப்பு போதும்.

நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்று கான்வென்டில் மதர் ஜொஸபா சொல்லிக்கொடுத்தார். ஒன்றை எழுதாமல் விடலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 16

சமையலறையைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஆயிற்று. விஞ்ஞானியின் சமையலறை. மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் இருந்தது.

பெனிட்டாவின் வேலை என்ன என்று இன்றுதான் உட்காரவைத்துக் கேட்டேன். ஏரியில் மீன் பிடித்து, அரைத்து, அதில் என்னென்ன நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறாள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மைலுக்கு ஒரு தொழிற்சாலை கிடையாது, ஒரு வயல் கிடையாது. ஆனாலும் இருக்கிறதாம். மட்காத பழைய ரசாயனங்கள். தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், பெரிய மீனை மனிதர்கள் தின்பார்கள். வயதாக ஆக உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். காற்றில் வருகிறது, தெற்கேயிருந்து என்றாள். எந்தத் தெற்கு என்று கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்றாள்.

மாவு டப்பாவில் வண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்தது கீழே கிட்டங்கி, மேலே வீடு. கிட்டங்கி நிறைய என் கணவர் லாசரஸ் கொரைராவின் பூச்சி மருந்து மூட்டைகள். பருத்திக் காட்டுக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். வெள்ளைப் பொடிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. நாற்பது வருடத்தில் என் வீட்டில் ஒரு மூட்டைப்பூச்சி, ஒரு கரப்பான், ஒரு எறும்பு கிடையாது. தூத்துக்குடியிலிருந்து என் நாத்தனார்கள் வந்தால் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து போவார்கள்.

நவம்பர் 19

பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். பெயர் செலெஸ்தின். இந்த மண்ணின் பூர்வகுடி. எழுபத்தெட்டு வயது, என் தோளுக்கு வருவாள், ஆண்பிள்ளைச் சட்டை. ஏரியில் வலை போட்டு ஊருக்கெல்லாம் மீன் கொடுப்பவள் அவள்தான். விற்பதும் உண்டு, சும்மா கொடுப்பதும் உண்டு. கையில் விலாங்கு மாதிரி நீளமாக ஒரு மீன். மோவாயில் ஒற்றைத் தாடி மயிர். லோஷ் என்றாள். ஈரல்தான் இதில் விசேஷமாம்.

நாங்கள் கடல்மீன்காரர்கள். சீலாவும் விளமீனும் சாப்பிட்ட வாய். குளத்து மீன் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. அதை அப்படியே சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்து நல்ல ஆங்கிலத்தில் வேறு காரணம் சொன்னேன். இங்குள்ள மீன்களில் விஷம் இருப்பதாக என் மகள் கண்டுபிடித்திருக்கிறாள், ஆகவே மன்னிக்க வேண்டும் என்றேன்.

செலெஸ்தின் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி, அதுகிட்ட சொல்லிடறேன்" என்று மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் அவள் பார்வையில் இருந்தது 'நீ'தான்.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

பெனிட்டா என்னிடம் இப்படிப் பேசியதில்லை. விஷம் என்ற வார்த்தையை இந்த ஊரில் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். பல வருடங்களுக்கு முன் வேறு யாரோ விஞ்ஞானிகள் வந்து, அந்த வார்த்தையைப் பத்திரிகையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே மீனை நிறுத்திவிட்டு டப்பா இறைச்சிக்குப் போய், பாதிப்பேருக்குச் சர்க்கரை வியாதி. பெனிட்டா சொல்வதெல்லாம் மீன் சாப்பிடுங்கள், பெரிய கிழட்டு ட்ரவுட் மீனையும் லோஷ் ஈரலையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எவ்வளவு குறைப்பது என்று சரியாகச் சொல்ல, மக்களின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஊரைச் சம்மதிக்கவைக்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ரத்தம் எடுக்கும் நாள் அடுத்த மாதம்.

"இப்ப என்ன நினைப்பாங்க தெரியுமாம்மா? மக வாயால சொல்லாததை ஆத்தா சொல்லிட்டான்னு நினைப்பாங்க. யாரும் வரலைன்னா இந்த வேலையை மூடிருவாங்க. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாதுன்னு இவங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிரும்."

நான் சொன்னது இலக்கணப் பிழையில்லாத ஒரே வாக்கியம்.

நவம்பர் 20

பெயர் கொடுத்திருந்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி.

நவம்பர் 23

செலெஸ்தின் வீட்டுக்கு விளக்கம் கொடுக்கப் போனேன். பெனிட்டா இதை மன்னிப்பு என்கிறாள். விளக்கம்.

வீடு சுத்தமில்லை. வலை, நாய், நாயின் மேல் ஒரு வலை. தேநீர் கொடுத்தாள். சுவரில் மாதாவின் படம் இருந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. நானும் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்தான், போர்டிங்கில் இருந்தேன், என் கையெழுத்தும் ஆங்கிலமும் படுக்கை விரிப்பை மடிக்கும் விதமும் அவர்கள் போட்ட பிச்சை என்று சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடத்துக்கு எத்தனை தடவை உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று கேட்டாள். எல்லா விடுமுறைக்கும் என்றேன்.

"என்னை ஆறு வயசுல கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துக்குப் பிடிச்சுக் கொண்டுபோனாங்க. பதிமூணுல திருப்பி அனுப்புனாங்க. அம்மா எங்க பாஷையில பேசுறது எனக்குப் புரியலை" என்றாள்.

பள்ளிகள் கண்டிப்பாக இருப்பதுண்டு என்று சொல்ல வாயெடுத்தவள் தேநீரைக் குடித்தேன். சீனி அதிகம்.

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். விஞ்ஞானிகள் எப்போதும் எங்கள் ரத்தத்தைத்தான் கேட்கிறார்கள், அவர்கள் ரத்தத்தை ஒருவரும் கொடுத்ததில்லை என்றாள். என் மகளும் கொடுப்பாள், நானும் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். என் ரத்தத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது.

"நீ முதல்ல. நாங்க நின்னு பார்க்கிறோம்" என்றாள்.

கிளம்பும்போது உறைந்து கிடந்த அந்த லோஷைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாய் எனக்கு முன்னால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் 24

லோஷில் புளிக்குழம்பு. தேங்காய் இல்லை. மோசமில்லை.

டிசம்பர் 4

ஊர்க் கூடத்தில் ரத்தம் எடுத்தார்கள். நான் மெரூன் பட்டும் முழங்கால் வரை பனி பூட்ஸும். என்னைப் பார்க்கத்தான் பலர் வந்திருந்தார்கள் என்று பெனிட்டா சொல்கிறாள். பார்க்கட்டும். நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்று தடவை குத்தினாள். நான் ஜெபமாலையில் இரண்டாம் தேவரகசியம் வரை முகம் சுளிக்காமல் இருந்தேன். செலெஸ்தின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே என் முகத்தைக் கவனித்தாள். நான் முடித்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போயிற்று.

எழுபது தாண்டிய பெண்கள் நாங்கள் நான்கு பேர்தான்.

டிசம்பர் 21

செலெஸ்தினோடு ஏரிக்குப் போனேன். பனியில் இரண்டு குழி வெட்டி, அடியில் கயிறு கோத்து வலை இழுக்கிறாள். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். பிடித்திருந்தேன். மூக்கைத் துடைக்க ஒரு நொடி விட்டேன். கயிறு ஏரிக்குள் போய்விட்டது. உன் ஊரில் மீன் பிடிப்பவர்களுக்கு மூக்கே கிடையாதா என்று கேட்டாள். எங்கள் ஊரில் மூக்கு ஒழுகாது என்றேன்.

சாயங்காலம் சீட்டு. அவள் கள்ள ஆட்டம் ஆடுகிறாள். நிரூபிக்க முடியவில்லை.

ஜனவரி 11

மைனஸ் நாற்பத்தொன்று. வாரத்தில் மூன்று நாள் லோஷ். இதை நாத்தனார்களுக்கு எழுதவில்லை.

பிப்ரவரி 5

முடிவுகள் வந்துவிட்டன. ஊர்க் கூடத்தில் பெனிட்டா திரையில் ஒரு படம் போட்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, பெயர் கிடையாது. கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளும் கீழே கொத்தாக இருந்தன, ஒன்று மட்டும் கொத்துக்குச் சற்று மேலே. பயந்த அளவுக்கு இல்லை, மீன் சாப்பிடுவதில் நன்மைதான் அதிகம், ஈரல் மட்டும் மாதம் ஒரு தடவை போதும் என்றாள். ஆனால் மேலே, கொத்துக்கு ரொம்ப தூரத்தில், தனியாக ஒரு புள்ளி இருந்தது. அது யார் என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றாள். எந்த வயது என்றாவது சொல் என்றான் செலெஸ்தினின் அண்ணன் மகன் நார்பெர்ட். பெனிட்டா யோசிக்காமல், எழுபதுக்கு மேற்பட்ட பெண் என்று சொல்லிவிட்டாள். வயது படத்திலேயே புள்ளியின் நிறத்தில் இருந்தது, மறைக்க முடியாது என்கிறாள்.

கூடம் முழுக்க ஒரே பக்கம் திரும்பியது. செலெஸ்தின் பக்கம். எழுபது வருடமாக அந்த ஏரியைத் தின்பவள் அவள்தானே. பாவம் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெனிட்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளி நீங்கதாம்மா."

குழாய்கள் மாறிப்போயிருக்கும் என்றேன். மாறவில்லை, இரண்டு தடவை சோதித்தார்களாம். மூன்று மாதம் லோஷ் தின்றதால் என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ரத்தம் கொடுக்கும்போது நான் தின்றிருந்தது ஒரே ஒரு லோஷ் என்றாள். என் ரத்தத்தில் இருப்பது டி.டி.டி.யும் அதன் மிச்சமும். பல வருடமாகச் சேர்ந்தது.

"வெள்ளைப் பொடிய நம்ம வீட்டுல எங்கெல்லாம் போடுவீங்க? சொல்லுங்க."

நான் சொன்னேன். மெத்தைக்கு அடியில், மாதம் ஒரு முறை. அரிசிப் பானையைச் சுற்றி. பட்டுச் சேலைப் பெட்டிக்குள், துணியில் முடிந்து. மழைக்காலத்தில் வாசற்படியில். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் இவள் தலையில், பேனுக்கு. போட்டு, துணியால் இறுக்கிக் கட்டி வைப்பேன். சொல்லச் சொல்ல ஒவ்வோர் இடமும் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"கொத்துக்கு மேல ரெண்டாவதா ஒரு புள்ளி இருந்துச்சுல்ல. அது நான்" என்றாள்.

சூடான ஊரில் தூவிய பொடி ஆவியாகிக் காற்றில் ஏறுமாம். குளிர்ந்த இடத்துக்கு வந்தால் இறங்கிவிடுமாம். இறங்கினால் பிறகு எங்கும் போகாதாம். இந்த ஏரியில் இருப்பதும் அதே மாதிரிப் பொடிதான் என்றாள்.

உன் அப்பாவின் வியாபாரம் சாத்தூரைத் தாண்டியதில்லை என்றேன்.

பிப்ரவரி 7

எல்லா ஜன்னல் திரைகளையும் துவைத்தேன். மொத்தம் ஒன்பது. சாம்பல் நிறத் திரையில் ஓரத் தையல் விட்டிருந்தது, அதையும் தைத்தேன்.

நார்பெர்ட்டின் மனைவி, செலெஸ்தின் கொடுத்த மீன் பையை அவள் வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனாளாம். வேறு இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்களாம். இதில் எனக்குச் சம்பந்தமில்லை. நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

செலெஸ்தின் சீட்டாட வந்தாள். வருகிற சனிக்கிழமை கூடத்தில் ஊர் விருந்து. ஒவ்வொரு வருடமும் லோஷ் வறுவல் அவளுடையது. இந்த வருடம் ரொட்டி கொண்டுவா என்று சொல்லியனுப்பிவிட்டார்களாம். எனக்கு ரொட்டி சுடத் தெரியாது என்றாள்.

உன் முடிவு கீழேதான் இருக்கிறதென்று நீயே சொல்லிவிடலாமே என்று கேட்டேன்.

"மீன்காரி மீன் நல்லதுன்னுதான் சொல்லுவான்னுவாங்க" என்றாள். சீட்டைக் கலைத்தாள். "நாம நாலு கிழவிங்க. ஒருத்தி நான். ஒருத்திக்குப் பல்லு இல்லை, கஞ்சிதான். ஒருத்தி போன வருஷம்தான் நகரத்துல இருந்து வந்தவ, கோழி தவிர எதையும் தொடமாட்டா."

நான்காவது ஆளைச் சொல்லாமல் சீட்டைப் போட்டாள். அவள் முடிவு கீழேதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. ஆறு ஆட்டமும் தோற்றேன். இன்று அவள் கள்ள ஆட்டம் ஆடவில்லை.

பிப்ரவரி 10

பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். இங்கே பித்தளை என்று இருப்பது ஒரு குத்துவிளக்கும் கதவுக் குமிழும்தான்.

பிப்ரவரி 12

நாற்பது வருடம் ஒரு வீட்டைச் சுத்தமாக வைத்திருந்ததற்கு ஒரு பெண் பதில் சொல்ல வேண்டுமா? அன்று எல்லோரும் வாங்கினார்கள். சர்க்கார் ஆட்களே வீடு வீடாக வந்து மருந்து அடித்தார்கள். தலையில் தொப்பி, முதுகில் டப்பா. குழந்தைகள் பின்னாலேயே ஓடும்.

பெனிட்டாவும் ஓடினாள்.

பிப்ரவரி 15

நேற்று விருந்து முடிந்து வந்தபோது எழுதும் நிலையில் இல்லை.

காலையில் செலெஸ்தின் வீட்டுக்குப் போய் நான்கு லோஷ் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். குழம்புக்கு என்றேன். பெரிய பானை நிறைய வைத்தேன். தேங்காய்ப் பால் டப்பாவில் கிடைக்கிறது, அது வேறு விஷயம். கூடத்தில் மான் இறைச்சிக்கும் ஆப்பிள் பணியாரத்துக்கும் நடுவில் பானையை வைத்தேன். என்ன மீன் என்று கேட்டார்கள். சொன்னேன். கரண்டியைத் திருப்பிப் பானைக்குள் வைத்தார்கள். செலெஸ்தின் கடைசி மேசையில் கடையில் வாங்கின ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மேசையில் வேறு யாரும் இல்லை.

நான் எழுந்து நின்றேன். பேச்சுப் போட்டிக்கு நிற்பது போல, கைகளை முன்னால் கோத்து, கடைசி வரிசை ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். கடைசி வரிசையில் செலெஸ்தின் இருந்தாள்.

"என் பெயர் திருமதி கொரைரா. போன வாரம் திரையில் மேலே தனியாக ஒரு புள்ளியைப் பார்த்தீர்கள். அது என்னுடையது. வேறு யாரும் அதற்கு உரிமை கொண்டாட வேண்டாம்."

பெனிட்டா பாதி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். நீ இங்கே வந்தே மூன்று மாதம்தானே, என்னத்தைத் தின்றாய் என்று நார்பெர்ட் கேட்டான். தின்றதில்லை, தூவினேன் என்றேன். மெத்தை, அரிசிப் பானை, சேலைப் பெட்டி, மகளின் தலை எல்லாவற்றையும் சொன்னேன். அவற்றில் கொஞ்சம் ஆவியாகி உங்கள் மீனில் வந்து இறங்கியிருக்கலாம் என்று என் மகள் சொல்கிறாள் என்றேன். காற்று இவ்வளவு தூரம் வரும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தது. அதையும் சொன்னேன். அது விளக்கம் இல்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செலெஸ்தின் தட்டோடு நடந்து வந்து என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள்.

"பெரிசு. கிழடு. உடம்பு நிறைய மருந்து" என்றாள். "பெனிட்டா, உங்கம்மாவை மாசத்துல எத்தனை தடவை பார்க்கலாம்?"

முதலில் சிரித்தது நார்பெர்ட்தான். பிறகு கூடம் முழுக்க. நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன். செலெஸ்தின் பானையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை வந்தது. மிளகாய் அதிகம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே நார்பெர்ட் மூன்று தடவை வாங்கினான். அவன் மனைவி பானையின் அடியை வழித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பெனிட்டா நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உன் தலையில் துணியைக் கட்டி எவ்வளவு நேரம் வைத்திருப்பேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை என்றேன்.

வழுக்கும் இடம் ஒன்றைச் சுற்றி என்னைக் கூட்டிப்போனாள்.

"பேன் போயிருச்சுல்லம்மா" என்றாள்.

பிப்ரவரி 23

ஏரிக்கு மறுகரையில் இன்னோர் ஊர் இருக்கிறது. இத்தனை நாள் அவர்கள் ரத்தம் கொடுக்க மாட்டோம் என்று பெனிட்டாவை உள்ளேயே விடவில்லை. நேற்று அங்கிருந்து தொலைபேசி வந்தது. விருந்தில் பேசின கிழவி நேரில் வந்து அதையே அங்கேயும் சொன்னால் யோசிப்பார்களாம். பெனிட்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஏப்ரலுக்கு எடுத்திருந்த என் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். செலெஸ்தினும் வருகிறாள். நான் பேசியதை ஒருமுறை கேட்டதில் அவளுக்குத் திருப்தி இல்லையாம்.

அந்த ஊர்க் கூடத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டப்போகிறார்கள். பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். திருமதி க்ளோத்தில்டா லாசரஸ் கொரைரா, கோவில்பட்டி என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வயதைப் போட வேண்டாம் என்றேன். என் ரத்தத்தில் இருக்கும் எண்ணைப் போடலாம்.